காளை சாகிறது, கருணை இல்லம் வாழ்கிறது!

காலை மணி 8. வாணம் ஒன்று வானத்தில் வெடிக்கிறது. பட்டிக் கதவு திறக்கிறது. ஆறு காளைகள் பாய்ந்து வருகின்றன. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய நூற்றுக்கணக்கான ஆட்கள் அவற்றுக்கு முன்னால் தலைதெறிக்க ஓடுகிறார்கள்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே உள்ள பம்ப்லோனா நகரில், புனித பெர்மின் திருவிழாவில் நடக்கும் காட்சி இது. திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 6-ந் தேதி நண்பகலில் தொடங்கி, 14-ந் தேதி நள்ளிரவில் முடியும். 7-ந் தேதி முதல் எட்டு நாட்கள் காலையில் காளை ஓட்டம். மாலையில் காளைச் சண்டை.

கையில் செய்தித்தாள்!

ஓட்டம் வேடிக்கைக்காக ஏற்பட்டதல்ல. ஊருக்கு வெளியே இருந்து சண்டை மைதானத்துக்குக் காளைகளை ஓட்டிச் சென்ற பழைய வழக்கமே இப்படி ஆகிவிட்டது. தூரம் ஒரு கிலோ மீட்டருக்கும் குறைவு. பழைய நகரின் குறுகலான தெருக்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

வழியில் இரட்டை மரவேலி போடுகிறார்கள். ஓட முடியாதவர் முதல் வேலிக்குள் புகுந்துகொள்ளலாம். இரண்டு வேலிகளுக்கும் நடுவே முதல் உதவிக்காரர்கள் காத்திருப்பார்கள். காளைகளுக்கு வழிகாட்டப் பழகிய மாடுகளும் கூடவே ஓடும். ஓடுபவர்களில் பலர் கையில் சுருட்டிய செய்தித்தாள் இருக்கும். காளை எவ்வளவு நெருங்கிவிட்டது என்று அதை நீட்டித்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

1910-ம் ஆண்டு முதல் இந்த ஓட்டத்தில் 16 பேர் இறந்ததாகக் கணக்கு. கடைசிச் சாவு 2009-ல். அப்படியும் கூட்டம் குறையவில்லை. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1926-ல் வெளியிட்ட நாவல் இந்த ஊரின் பெயரை உலகம் முழுவதும் பரப்பிவிட்டது.

மாலையில் மரணம்

காலையில் ஓடிய அதே ஆறு காளைகள் மாலையில் மைதானத்துக்குள் விடப்படும். மூன்று வீரர்கள், ஆளுக்கு இரண்டு காளை. முதலில் குதிரை மேல் இருப்பவன் காளையின் பிடரியில் ஈட்டியால் குத்துகிறான். அடுத்து, முள் வைத்த வண்ணக் குச்சிகளைச் செருகுகிறார்கள். கடைசியில் வீரன் சிவப்புத் துணியும் வாளுமாகத் தனியே எதிரில் நிற்கிறான். சிவப்பைக் கண்டு காளை சீறுகிறது என்பது தவறு. துணியின் அசைவுதான் அதை இழுக்கிறது.

சுமார் 20 நிமிடத்தில் கதை முடிந்துவிடும். காளைக்கு உயிர்ப்பிச்சை கிடைப்பது மிக அபூர்வம். எட்டு நாளில் 48 காளைகள் இப்படிப் போகின்றன. இறைச்சி விற்பனைக்குச் செல்கிறது.

பணம் யாருக்கு?

டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய 19 ஆயிரம் பேர். இவ்வளவு பணமும் ஏதோ ஒரு பெரிய முதலாளிக்குப் போகிறது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை!

1922-ல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தின் சொந்தக்காரர் ஒரு தர்ம ஸ்தாபனம். பெயர் 'கருணை இல்லம்'. ஏழைகளுக்காக 1706-ல் தொடங்கியது. இன்று முதியோர் இல்லமாக இருக்கிறது. பண்ணைகளில் காளைகளைத் தேர்ந்தெடுப்பதும், வீரர்களை அமர்த்துவதும், டிக்கெட் விற்பதும் இந்த இல்லமே. லாபம் முதியோரைப் பராமரிக்கும் செலவுக்குப் போகிறது.

கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் திருவிழா இல்லை. மைதானத்து வரும்படியும் இல்லை. ஆனால் முதியோருக்கு மூன்று வேளைச் சோறும் மருந்தும் இல்லாமல் முடியுமா?

கடல் கடந்தும் இதே கதை

ஸ்பானிஷ் மொழி பேசும் தென் அமெரிக்க நாடான கொலம்பியாவிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. மனிசாலெஸ் நகரில் ஜனவரி மாதத் திருவிழாவில் நடந்து வந்த காளைச் சண்டையின் லாபம், அங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சென்று வந்தது.

ஆனால் கொலம்பியா நாடாளுமன்றம் 2024-ல் காளைச் சண்டைக்குத் தடை விதித்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 22-ந் தேதி அதிபர் பெட்ரோ கையெழுத்திட்டார். மூன்று ஆண்டு கெடு, அதாவது 2027 ஜூலை வரை. இந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

பம்ப்லோனாவிலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. திருவிழாவுக்கு முன்பு மிருகாபிமானிகள் அங்கே கூடிக் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துகிறார்கள். "பார்ப்பவர் மகிழ ஒரு பிராணி துடித்துச் சாவதா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். "தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், தர்ம காரியமும் நடக்கிறது" என்பது மறு தரப்பு.

வாயில்லா ஜீவனுக்காகப் பேச இன்று ஆள் இருக்கிறது. அது நல்லதே. ஆனால் அந்தக் காளையின் பேரால் சோறு உண்ட கிழவர்களும், மருந்து பெற்ற பிள்ளைகளும் வாய்திறந்து கேட்கத் தெரியாதவர்கள்தாம். சண்டையை நிறுத்தச் சொல்பவர்கள் அந்த இல்லத்து உலையில் அரிசி போட யார் வருவார் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.