அந்த நாட்களில் அவளுக்கு எந்த மலையில் வேலை?

தெரணியகலைப் பக்கத் தோட்டங்களில் உதடு பிளந்த பிள்ளையொன்று பிறந்தால் முதலில் வரும் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்பதுதான். அடுத்தது, "கத்தி கித்தி தொட்டியா?" றப்பர் பால் வெட்டப் போகிறவள் கத்தியைத் தொடாமல் எப்படி இருப்பாள்? மாமியார் கேட்பார், அடுத்த காம்பராக்காரி கேட்பார், சிலவேளை புருஷனும் கேட்பான். பச்சை உடம்போடு அவள் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். பல வருடங்களாக இந்த லயங்களுக்குப் போய் வருகிறேன். "அந்த நாட்களில் உனக்கு எந்த மலையில் வேலை? அங்கே என்ன மருந்து அடித்தார்கள்?" என்று எவரும் கேட்டதை நான் காணவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நோய்ப்பரவலியல் என்பார்கள். ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லிவிட முடியாது. குறையோடு பிறந்த நூறு பிள்ளைகளின் தாய்மாரிடமும், குறையின்றிப் பிறந்த நூறு பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குறையுள்ள பிள்ளையைப் பெற்றவள் கர்ப்பகாலத்தின் ஒவ்வொரு நாளையும் கிளறிக் கிளறி நினைவில் வைத்திருப்பாள்; மற்றவள் மறந்திருப்பாள். அதனால் வாய்ப்பேச்சோடு பதிவேடுகளையும் தேடுவார்கள். 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்ணில் வெண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து வந்திருந்ததைக் கண்டறிந்தார். இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி போடப்படுவது இப்படியான ஆய்வுகளின் பலன்தான்.

உலகில் பிறக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஏதாவதொரு பெரிய குறை இருக்கிறது. அவற்றில் பாதிக்கு மருத்துவத்தால் இன்னும் குறிப்பான காரணம் சொல்ல முடியவில்லை. மருத்துவத்துக்கே தெரியாத காரணத்தை மாமியார் மட்டும் எப்படி அறிவார் என்று நான் சில வீடுகளில் கேட்டதுண்டு.

தெரிந்தவற்றில் முக்கியமானது நாட்கணக்கு. கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடுகிறது. கை, கால், இதயம், உதடு ஆகியவை முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் உருவாகிவிடும். அந்த நேரத்தில் பலருக்குத் தாம் முழுகாமல் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்வதில்லை. ஆனால் நமது சட்டம் கர்ப்பத்தின் கடைசியையும் பிரசவத்தின் பின்னையுந்தான் பார்க்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி 84 நாள் லீவு உண்டு. மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாக இருந்த அந்த லீவு 2018இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுதாக்கப்பட்டது. நல்ல விடயம்தான். ஆனால் அந்த லீவு தொடங்கும்போது பிள்ளையின் விரல்கள் முளைத்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். வயிறு தெரிந்த பிறகு 'லேசு வேலை' கொடுப்பதும் அப்படித்தான்.

2004ஆம் ஆண்டின் கடைசியிலும் 2005இன் தொடக்கத்திலும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், இம்மோக்கலி என்ற ஊரில், தக்காளித் தோட்டக் கூலிகளான மூன்று தாய்மாருக்குச் சில வாரங்களுக்குள் குறையுடன் பிள்ளைகள் பிறந்தன. ஒரு பிள்ளைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆய்வாளர்கள் தாய் கருவுற்ற நாட்கணக்கு, அவள் வேலை செய்த வயல், அங்கே மருந்தடித்த தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உறுப்புகள் உருவாகும் நாட்களிலேயே அவர்கள் மருந்தடித்த வயல்களில் நின்றிருந்தார்கள் என்று 2007இல் எழுதினார்கள். மருந்துதான் காரணம் என்று அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை. மூன்று பேரை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. அந்தக் கையில்லாத பிள்ளையின் குடும்பம் தொடுத்த வழக்கு 2008இல் சமரசத்தில் முடிந்தது.

நமக்குக் கிட்டிய கதை கேரளாவின் காசர்கோடு. அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டத்துக்குள்ளும் அடிவாரத்திலும் சனங்கள் வாழ்ந்தார்கள். அதே ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். ஆய்வாளர்கள் மருந்து தெளித்த இடத்தில் 117 பையன்களையும், தெளிக்காத இடத்தில் 90 பையன்களையும் பரிசோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். விதை இறங்காமை போன்ற பிறவிக்குறைகள் முதலாவது பகுதியில் 5.1 வீதம், மற்றதில் 1.1 வீதம். பிள்ளைகளின் தொகை குறைவு என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, "நிரூபிக்கப்படவில்லை" என்று பல வருடங்கள் வாதாடியவர்கள் உண்டு. என்றாலும் 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தியது. இலங்கையில் அது 1998இலேயே தடை செய்யப்பட்டது. நஞ்சு குடித்துச் சாவோரைக் குறைக்கவே தடை வந்தது. வயிற்றுப் பிள்ளையை நினைத்து அல்ல.

வடக்கு கிழக்கிலிருந்து இதை வாசிக்கும் சகோதரிகள், "இது தோட்டத்துக் கதை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் உங்கள் ஊர்களிலும் இருக்கின்றன. குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்து, வெங்காயத் தோட்டத்திலும் வயலிலும் மருந்து காயுமுன் கூலிக்கு இறங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பட்டினியின் கதையும் உங்களுக்குத் தெரியும். 1944-45இல் ஜேர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் மறித்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவான பிள்ளைகளிடம் மூளை, முள்ளந்தண்டுக் குறைகள் கூடுதலாகக் காணப்பட்டன. அந்தத் தாய்மார் செய்த பிழை என்ன? முள்ளந்தண்டுக் குறையுள்ள பிள்ளையை ஏற்கெனவே பெற்ற தாய்மார், கருவுறுமுன்பிருந்தே போலிக் அசிட் எடுத்தால் அடுத்த பிள்ளைக்கு அது வரும் ஆபத்து பத்தில் ஏழு பங்கு குறைகிறது என்று 1991இல் தெரியவந்தது. அந்தக் குளிசை நமது கிளினிக்குகளில் இலவசம். ஆனால் அதை வயிறு தெரிந்த பிறகு எடுத்தால் இந்தப் பலன் இல்லை.

ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். உங்கள் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பால்வெட்டா, புல்லுவெட்டா, மருந்தடித்த மலையில் கொழுந்தா. கடைசி மாதவிலக்குத் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மருந்தடித்த உடுப்பைத் துவைப்பதும் வேலைதான். அடித்தவரே தனியாகத் துவைக்கட்டும். எந்த நம்பர் மலையில் எப்போது மருந்தடித்தது, எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்று பிரட்டுக்களத்திலேயே கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் கேட்டால் போதாது, எல்லாப் பெண்களும் கேட்க வேண்டும். யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அப்போது எவருக்கும் தெரியாதே! யார் எந்த நாள் வேலைக்கு வந்தாள் என்பது தோட்டத்துச் செக்ரோலில் இருக்கிறது. மருந்தடித்த நாட்களையும் மலையின் நம்பரையும் அதே போல எழுதி, பெண்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டும்படி கேட்பதற்குத் தோட்டத்து மாதர் சங்கங்களே போதும்.