விசையுந்துப் பெயரீடு

விசையுந்துப் பெயரீடு என்பது விசையுந்து அல்லது மோட்டார் சைக்கிள் உற்பத்தி நிறுவனங்கள் தம் மாதிரிகளுக்குப் பெயர் சூட்டும் முறையாகும். ஒரு பெயரில் பொதுவாகச் சொல், எண், எழுத்துகள் ஆகியவற்றுள் இரண்டேனும் இருக்கும். இவற்றுள் எண்ணே வாங்குபவருக்குப் பயன் மிகுந்தது. பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் அதுவே.

எண்

எண் பெரும்பாலும் பொறியின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் (சிசி) குறிக்கும். பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே நகரும்போது கடக்கும் கன அளவே இது. பழைய புல்லட் 350 பொறியின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு 90 மி.மீ. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் 346 சிசி கிடைக்கும். பெயரில் அது 350 ஆனது. யமகா ஆர்எக்ஸ் 100 வண்டியின் உண்மை அளவு 98 சிசி. எண்ணை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குவதில்லை: 312.2 சிசி பொறி 310 எனப்படுகிறது.

சட்டம் பார்ப்பது பெயரில் உள்ள எண்ணை அன்று, பதிவுச் சான்றிதழில் உள்ள கொள்ளளவையே. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சிசிக்கு மிகாத வண்டியை 16 வயது நிரம்பியவர் உரிமம் பெற்று ஓட்டலாம். ஓசூரில் 1980 இல் அறிமுகமான டிவிஎஸ் 50 இந்த வரம்புக்குள் அடங்கியது. தமிழ்நாட்டில் அப்பெயர் மொபெட் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டதால், 99.7 சிசி கொண்ட எக்ஸ்எல் 100 வண்டியையும் "டிவிஎஸ் 50" என்றே பலர் அழைக்கின்றனர். ஆனால் இதை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமற்ற சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

350 சிசியும் இத்தகைய எல்லைக்கோடே. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. மீட்டியார் 350, ஹண்டர் 350 ஆகியவை 349 சிசியில் நிற்பதால் குறைந்த வரிக்குள் வருகின்றன.

சொல்

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1930களின் தொடக்கத்தில் தோன்றியது. துப்பாக்கியைப் போல உறுதியாகச் செய்யப்பட்டது என்பது ராயல் என்ஃபீல்டின் விளம்பர முழக்கம். துப்பாக்கிக்கேற்ற தோட்டா எனப் பெயர் பொருந்திப்போனது. 1955 இல் சென்னைக்கு வந்த இப்பெயர், ரெடிச் ஆலை மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் பிழைத்திருந்தது. பஜாஜ் நிறுவனத்தின் வி15 மாதிரியில் (2016) உள்ள "வி", விக்ராந்த் போர்க்கப்பலை நினைவூட்டுவது. உடைக்கப்பட்ட அக்கப்பலின் உலோகம் வண்டியில் சேர்க்கப்பட்டது.

பெயர்களுக்கு வணிகக்குறி உரிமையும் உண்டு. அமெரிக்காவில் இன்டர்செப்டர் என்னும் பெயர் ஹோண்டாவிடம் இருப்பதால், ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 அங்கு ஐஎன்டி 650 என விற்கப்படுகிறது.

எழுத்து

ஓசூர் டிவிஎஸ் ஆலையில் உருவான ஒரே 312.2 சிசி பொறி இரு பெயர்மரபுகளைக் காட்டுகிறது. பிஎம்டபிள்யூ அதை ஜி 310 ஆர் என்றது: "ஜி" ஒற்றை உருளைப் பொறி வரிசை, "ஆர்" சாலை வண்டி. டிவிஎஸ் அதே பொறியைக் கொண்ட பந்தய வடிவ வண்டிக்கு அப்பாச்சி ஆர்ஆர் 310 எனப் பெயரிட்டது (2017). முதலாவது பெயர் அட்டவணையைப் போன்றது. இரண்டாவது கடைத்தெருவில் கூவத் தக்கது.

மின் வண்டிகளில் சிசி இல்லை. ஓசூரில் தயாரிக்கப்படும் ஏத்தர் 450 ஸ்கூட்டரின் எண்ணை 450 சிசி எனக் கொள்வது தவறாகும்.