கல்லும் சொல்லும்: சிங்கப்பூரில் கோட்டை காணல்

தேக்காச் சந்தையை ஒட்டியுள்ள ஒரு தெருவுக்குப் பஃபலோ ரோடு என்று பெயர். அத்தெருவில் இன்று எருமைகள் இல்லை. சற்றுத் தொலைவிலுள்ள மகளிர், சிறார் மருத்துவமனையைக் கேகே என்று சுருக்கி அழைக்கிறோம். அச்சுருக்கம் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடரைக் குறிக்கும். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் முன்னாளில் கால்நடை வணிகம் செழித்திருந்தது. கொட்டில்கள் மறைந்தபின்னும் பெயர்கள் அவ்வணிகத்தின் எச்சங்களாக நிற்கின்றன.

பொருள் அழிந்த பின்னும் பெயர் நிலைத்திருக்கும் என்பது மொழிநூலார் நன்கறிந்த உண்மை. அதனைத் துணைகொண்டு நம் நகரின் கோட்டை எச்சங்களை எவ்வாறு காண்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விடுமுறைக்கு ஜெர்மனி செல்லும் நம் குடும்பங்கள் ரைன் ஆற்றங்கரைக் குன்றுகளில் நிற்கும் கோட்டைகளைக் கண்டு வியந்து திரும்புகின்றன. நம் ஊரில் இத்தகையன இல்லையே என்று பிள்ளைகள் ஏங்குவதும் உண்டு. அவ்வேக்கத்துக்கான விடை, லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஒரே நிலையத் தொலைவில் இருக்கிறது.

கோட்டை என்னும் சொல்

குன்றேறுமுன் சொல்லைச் சற்று ஆராய்வோம். ஜெர்மானியர் காவற்கோட்டையைப் புர்க் என்றும், மன்னர் வாழும் மாளிகையைச் ஷ்லோஸ் என்றும் வேறுபடுத்துவர். தமிழில் அவ்வேறுபாட்டைக் கோட்டை, அரண்மனை என்னும் இரு சொற்கள் காட்டுகின்றன. அரண்மனை என்பதை அரண், மனை எனப் பிரித்துக் காவலுடைய இல்லம் எனப் பொருள் கொள்வாரும், அரசமனை என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர். கன்னடத்தில் அரமனெ என வழங்குவது இரண்டாவது கருத்துக்குத் துணை செய்கிறது.

புர்க் என்னும் ஈறு ஹம்புர்க் முதலிய நகரப் பெயர்களில் நிற்பதுபோல, நம் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அருப்புக்கோட்டை ஆகியவற்றில் கோட்டை நிற்கிறது. மலாயில் கோத்தா என்பது முன்னர்க் கோட்டையைக் குறித்து, இன்று நகரம் என்னும் பொருளில் வழங்குகிறது. அச்சொல் வடமொழி வழியே மலாயை அடைந்தது என்பர். வடமொழிக்கே அது திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலர் துணிபு. கிளந்தானின் தலைநகரான கோத்தா பாருவின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் புதுக்கோட்டை என்றே அமையும். தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் எழுப்பிய கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர். ஜெர்மானியரின் புர்க்கும் டேனியரின் போர்க்கும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அச்சொல்லைத் தாங்கி நிற்கும் சுவர்களைத் தமிழகக் கடற்கரையிலேயே காணலாம்.

தடைசெய்யப்பட்ட குன்று

இனி, லிட்டில் இந்தியாவில் ரயிலேறித் தோபி காட் நிலையத்தில் இறங்குவோம். தோபி என்பது சலவைத் தொழிலாளியையும், காட் என்பது படித்துறையையும் குறிக்கும் இந்தியச் சொற்கள். நம் ஊர்களில் வண்ணான்துறை என்பதும் இதுவே. இங்கு ஓடிய சிற்றோடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்தனர். அவ்வோடை பின்னர் ஸ்டாம்ஃபர்டு கால்வாயாயிற்று.

அதே ஓடையை ஒட்டி அதற்கு முன்னரே ஒரு மதில் இருந்தது. 1822 பிப்ரவரியில் இங்கு வந்த ஜான் கிராஃபர்டு அதனைக் கண்டு எழுதிவைத்தார். அடியில் ஏறத்தாழ 16 அடி அகலமும், எஞ்சிய நிலையில் எட்டு அல்லது ஒன்பது அடி உயரமும் கொண்டு, கடற்கரையிலிருந்து குன்றினடி வரை ஏறக்குறைய ஒரு மைல் நீளம் அது சென்றது என்பது அவர் தரும் செய்தி. குன்றின்மேல் செங்கல் அடித்தளங்களையும் அவர் கண்டார். மலாய் மக்கள் அக்குன்றைப் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என அழைத்தனர். முன்னை மன்னர்களின் இருக்கை அங்கிருந்தது என்பது அவர்தம் மரபு. 1928இல் நீர்த்தேக்கப் பணிக்காகத் தோண்டியபோது கிடைத்த பொன்னணிகளும், 1984 முதல் நடந்த அகழாய்வுகளில் வெளிப்பட்ட 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் முதலியனவும் அம்மரபுக்கு வலுச் சேர்த்தன. பொன்னணிகளுள் ஒன்றில், தமிழகக் கோயில்களில் கீர்த்திமுகம் எனப்படும் வடிவை ஒத்த முகம் பொறிக்கப்பட்டுள்ளது.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கையும் உடையதே அரண் என அவ்வதிகாரத்தில் வள்ளுவர் வகுக்கிறார். கடல், ஆறு, சதுப்பு, குன்று, அடர்காடு என இயற்கை சூழ்ந்த இவ்விடத்தை அவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டுக் காண்பது நல்லதொரு பயிற்சி.

அக்குன்றின்மேல் ஆங்கிலேயர் 1859 முதல் 1861 வரை கட்டிய கோட்டைக்கு அந்நாளைய இந்தியத் தலைமை ஆளுநரான கேனிங்கின் பெயர் இடப்பட்டது. துறைமுகத்தைக் காக்கத் தகுந்த இடத்தில் அது அமையவில்லை என்ற குறை கூறப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதுவும் இடிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை வாயிலும், மதிலின் சில பகுதிகளும், பகைவர் அறியாமல் வெளியேறுவதற்கான சிறுவழி ஒன்றுமே.

இவற்றைக் காட்டும்போது பிள்ளைகளிடம் தமிழ்ச் சொற்களையும் கூறுதல் வேண்டும். சுவர் மதில், சூழ்ந்த நீர் அகழி, மதிலின் முன்தள்ளிய பகுதி கொத்தளம், மதிலுச்சியில் மறைந்து போரிடுமிடம் ஞாயில், அச்சிறுவழி புழை. இவற்றுள் புழை வழக்கொழிந்த சொல் போலத் தோன்றும். ஆயினும் வீட்டின் பின்புறத்தைப் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடை என்பதன் மரூஉ. கோட்டையை அறியாதவர் வாயிலும் கோட்டைச் சொல் வழங்கிவருகிறது.

இக்குன்றினடியில் நிலவறை ஒன்றும் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைவதென்ற முடிவு அங்குதான் எடுக்கப்பட்டது. எத்துணைச் சிறந்த அரணாயினும் வினைத்திறன் இல்லார்க்குப் பயன்படாது என்று அரண் அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவது அங்கு நினைவுக்கு வருகிறது.

உடைந்த கல்லின் பாடம்

குன்றிலிருந்து இறங்கி ஆற்றுமுகம் சென்றால் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைக் காணலாம். அங்கு முன்னர் ஃபுல்லர்ட்டன் கோட்டை இருந்தது. அக்கோட்டைப் பணிக்காகவும் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் 1843இல் ஒரு பெரும் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் ஐம்பது வரி எழுத்தும் கொண்ட அம்மணற்பாறை 1819இல் காடு திருத்தியபோது வெளிப்பட்டது. அதன் அழிவை முன்ஷி அப்துல்லா தம் நூலில் நொந்து எழுதியுள்ளார். மலாய் இலக்கிய முன்னோடியான அவர் இளமையில் தமிழும் கற்றவர். பாறை தகர்ந்தது, அதன்பொருட்டுக் காரணமான கோட்டையும் பின்னர் மறைந்தது. மீட்கப்பட்ட துண்டுகளுள் ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது.

அவ்வெழுத்து இன்றளவும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. பழஞ்சாவகத்தின் காவி எழுத்தோடு அதற்கு ஒப்புமை உண்டு என்பது பலர் கருத்து. எஞ்சிய எழுத்துகளில் ‘கேசரிவ’ என்னும் பகுதி தெரிவதாகவும், அது சோழரின் பரகேசரிவர்மன் என்னும் பட்டப்பெயரின் கூறாகலாம் எனவும் 2019இல் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதன்பின், இத்தலைப்பில் நாம் எங்குப் பேசினும் அவையிலிருந்து எழும் முதல் வினா, “அப்படியாயின் அது தமிழரின் கல்தானே?” என்பதாகும்.

‘ஆம்’ என்று சொல்ல நமக்கும் விருப்பமே. ஆயினும் சில எழுத்துகளைக் கொண்டு ஒரு பட்டப்பெயரை உறுதிசெய்தல் இயலாது. பட்டப்பெயரே உறுதியாயினும், கல்லின் மொழி தமிழ் என்பது அதனால் பெறப்படாது; வேற்றுமொழிக் கல்வெட்டிலும் சோழர் பட்டம் இடம்பெறலாம். படிக்க இயலாத கல்லில் நம் விருப்பத்தை எழுதிவிட்டு அதனையே சான்றெனப் படிப்போமாயின், வெடிவைத்தவர் விட்டுச்சென்ற எச்சத்தையும் நாமே அழித்தவராவோம். நாம் உறுதியாகச் சொல்லத்தக்க உறவுகள் வேறு உள்ளன. கோத்தாவில் நம் கோட்டையின் உறவு உள்ளது. தோபி காட்டில் நம் முன்னோரின் உழைப்பு உள்ளது. அவற்றை எடுத்துரைக்கக் கருதுகோளின் துணை வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு காலையில் தேக்காவில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் குன்றையும் ஆற்றுமுகத்தையும் நண்பகலுக்குள் கண்டுவிடலாம். நிறைவாக அரும்பொருளகம் சென்று அத்துண்டின் முன் சற்று நேரம் நில்லுங்கள். “இதில் என்ன எழுதியிருக்கிறது, தாத்தா?” என்று பேரப்பிள்ளை கேட்டால், இன்னும் எவராலும் முழுமையாகப் படிக்க இயலவில்லை என்று உள்ளவாறு கூறுங்கள். பழைய எழுத்துகளைக் கற்று அதனைப் படிக்க முயலும் ஆவல் அவ்விடையிலிருந்தே ஒரு பிள்ளைக்குத் தோன்றலாம்.