பச்சிளம் உயிரும் பயின்ற கையும்

மட்டாஞ்சேரியிலும் அதனை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் செவிலியர் கல்வி கற்ற பெண்மக்கள் உளர். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியேற்க விரும்புவோரிடம் ‘பால்ஸ்’ எனப்படும் குழந்தை உயிர்காப்புச் சான்றிதழைப் பல மருத்துவமனைகள் கேட்கின்றன. அத்தேர்வுக்கு ஆயத்தமாவது எங்ஙனம், அதில் வீட்டாரின் பங்கு யாது என்பவற்றை இங்கே கூற விழைகின்றோம்.

இப்பயிற்சியை நடத்துவது அமெரிக்க இருதயக் கழகம். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 84 பெறவேண்டும், செய்முறையிலும் தேறவேண்டும். சான்றிதழ் 2 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் மீண்டும் பயின்று புதுப்பித்தல் வேண்டும்.

படிக்கத் தொடங்குவோர் முதற்கண் உளங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பெரியவர்கட்குப் பெரும்பாலும் இதயமே திடீரெனத் தவறுகிறது. குழந்தைகட்கோ மூச்சுத் தளர்கிறது. அல்லது குருதியோட்டம் குன்றுகிறது. இதயம் பெரும்பாலும் இறுதியிலேயே நிற்கிறது. ஆதலின், இதயம் நிற்குமுன் ஆபத்தைக் கண்டுகொள்வதே இக்கல்வியின் உயிர்நாடி. மூக்கு விடைத்தல், விலா இடுக்குகள் உள்வாங்குதல், முனகல், சோர்வு ஆகியவற்றைக் காணக் கண் பழகவேண்டும்.

காரணம் விளங்கினால் எண்கள் தாமே மனத்தில் நிற்கும். பெரியவர்க்கு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சளிப்பர். இருவர் கூடிக் குழந்தையைக் காக்குங்கால் 15 அழுத்தத்திற்கு 2 மூச்சு. மூச்சுக் குறைவால் வீழ்ந்த உயிர்க்கு மூச்சு மிகுதியாக வேண்டும் என்பதே இதன் பொருள். அழுத்தம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை இருத்தல் வேண்டும். மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கேனும் அமுங்கவேண்டும். இதனை ஏட்டில் படித்தால் போதாது, கைகள் பயிலவேண்டும்.

அடுத்தது கணக்கு. குழந்தைக்கு மருந்து எடையைப் பொறுத்தது. இதயம் நின்றபோது எபிநெஃப்ரின், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.12 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் கொண்ட குப்பி மருந்தைப் பத்து மடங்காகக் கரைத்தால், அதில் 1.2 மில்லிலிட்டர் ஏற்றவேண்டும். கரைக்க மறந்து அதே அளவை ஏற்றின் மருந்து பத்து மடங்காகும்! புள்ளி ஒன்று பிறழ்ந்தால் பேராபத்து.

இனி, நம் பெண்கள் சற்றே தயங்கும் இடத்திற்கு வருவோம். செய்முறைத் தேர்வில் ஒருவர் குழுத்தலைவராக நின்று ஆணையிடுவர். ஆணையைக் கேட்டவர் அதனை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, முடித்தபின் ‘முடிந்தது’ எனவும் அறிவிக்கவேண்டும். தலைவர் கூறிய அளவு தவறாயின் உடனே எடுத்துரைக்கவும் வேண்டும். மூத்தோர்முன் மறுமொழி கூறலாகாது என்று வளர்க்கப்பெற்ற பெண், மூத்த மருத்துவரை நோக்கி, “ஐயா, 1.2 என்று எண்ணுகிறேன், தாங்கள் 12 என்றீர்கள்” எனச் சொல்வது எளிதன்று. ஆயினும் அவள் வாளா இருந்தால் இழப்பது ஒரு குழந்தையின் உயிர். அடக்கம் நற்குணமே, அங்கே பேசுவது அடக்கத்திற்கு முரணாகாது, கடமையேயாம்.

இத்துணிவு தேர்வுக்கூடத்தில் திடீரெனப் பிறப்பதன்று; வீட்டில் பிறத்தல் வேண்டும். மாலையில் தந்தை ஓர் எடையைக் கூறட்டும். மகள் மருந்தளவைக் கூறட்டும். தம்பி கடிகாரம் பார்க்க, அவள் தலையணைமீது தாளந்தவறாது அழுத்திப் பழகட்டும். தந்தை வேண்டுமென்றே தவறான அளவைச் சொல்லிப் பார்க்கட்டும். மகள் திருத்தினால் முகஞ்சுளியாது மகிழட்டும். இரவுப் பணி முடித்து வருபவளுக்கு அடுக்களை வேலையை ஒரு திங்களேனும் குறைத்தால், அதுவும் பெருந்துணையே.

சான்றிதழ் ஊதியத்தை உயர்த்தலாம். வெளிநாட்டு வாயிலையும் திறக்கலாம். அவற்றை வேண்டாமென யாம் கூறோம். ஆயினும், பெயரறியாத ஒரு தாயின் மடிக்கு அவள் பிள்ளை உயிரோடு மீள்வதே இத்தேர்வின் உண்மையான பயன். அதற்காகக் கண்விழிக்கும் மகளிர்க்கு நம் இல்லங்கள் உறுதுணையாக நிற்குமாக.