தனியறை இல்லாதவர்களின் காதல்

பால்புதுமையர், அதாவது ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறைக்குள் அடங்காத பாலடையாளமோ பாலீர்ப்போ கொண்டவர்கள், தங்கள் காதலுக்காகச் சந்திக்கும் எதிர்ப்பைப் பற்றிப் பேசுவோர்க்குக் குடும்பமும் சட்டமும் சமயமும் நினைவுக்கு வரும் அளவுக்குக் காசும் கூரையும் நினைவுக்கு வருவதில்லை. காதலர் இருவரில் ஒருவரிடம் சொத்தும் மற்றவரிடம் அன்றாடக் கூலியும் மட்டுமே இருக்கும்போது அந்தக் காதலுக்கான விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியை நேராகக் கேட்டது இந்திய நாடக மேடைதான்.

பெங்களூரில் பிறந்த மகேஷ் தத்தானி எழுதி, 1999-இல் பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பாகி, அதே ஆண்டில் சென்னையிலும் மேடையேறிய ‘செவன் ஸ்டெப்ஸ் அரவுண்ட் த ஃபயர்’ இதற்குத் தலையாய சான்று. தீயைச் சுற்றி ஏழு அடி வைக்கும் மணச் சடங்கைத் தலைப்பாகக் கொண்ட அந்நாடகத்தில், அமைச்சர் ஒருவரின் மகனான சுப்புவும் கமலா என்ற திருநங்கையும் ஒருவரும் அறியாமல் மணம் செய்துகொள்கிறார்கள். செய்தி வீட்டை எட்டியதும் அமைச்சரின் ஏவலால் கமலா எரித்துக் கொல்லப்படுகிறார். அந்தக் கொலைக்கான பழியோ அனார்கலி என்ற இன்னொரு திருநங்கையின் தலையில் விழுகிறது. காவல்துறை அதிகாரியின் மனைவியும் சமூகவியல் ஆய்வாளருமான உமா உண்மையைத் தேடிக் கண்டடையும்போது, அதைக் கமலாவின் சுற்றத்தார் முன்பே அறிந்திருந்தும், சொன்னால் கேட்பார் இல்லை என்பதால் வாய் மூடியிருந்தார்கள் என்பது தெரியவருகிறது. வேறொரு பெண்ணுடன் நடக்கும் தன் திருமணத்தில் சுப்பு உயிரை மாய்த்துக்கொள்கிறான்; அமைச்சர் மீது வழக்கே வருவதில்லை. மகன் ஒரு திருநங்கையை நேசித்தது மட்டுமல்ல, தெருவில் கைநீட்டிப் பிழைக்கும் ஒருவர் தன் வீட்டு மருமகளாக வர முனைந்ததும் அமைச்சருக்குப் பொறுக்க முடியாத குற்றமாகிறது என்றே இந்நாடகத்தை வாசிக்க வேண்டும்.

தத்தானியின் ‘ஆன் எ மக்கி நைட் இன் மும்பை’ (1998) நாடகத்தில் வசதியான கமலேஷிடம் பணம் பெற்றுச் செல்லும் காவலாளிக்கும், ‘பிரேவ்லி ஃபாட் த குவீன்’ (1991) நாடகத்தில் நிதினுக்காக வீட்டின் பின்புறத்தில் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் பெயர்கூட இல்லை. இந்த நாடகங்கள் யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால் அந்தக் காவலாளியும் ஓட்டுநரும் தங்கள் கதையைத் தாங்களே கேட்க முடியாத நிலை நீடித்தது. தமிழில் அதை மாற்றியவர்கள் திருநங்கைக் கலைஞர்கள். அ. மங்கையின் இயக்கத்தில் கண்ணாடி கலைக்குழுவினர் ‘மனசின் அழைப்பு’, ‘உறையாத நினைவுகள்’ ஆகிய நாடகங்களில் தங்கள் வாழ்வைத் தாங்களே நடித்தார்கள். பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா முதலானோர் தொடங்கிய பன்மை குழு, பாலடையாளத்தோடு சாதியையும் ஏழ்மையையும் சேர்த்துப் பேசியது.

கிராமத்து மேடைக்கு இத்தகைய காதல் முற்றிலும் அந்நியமான பொருளும் அன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ தினைப்புனம் காக்கும் மலைமகளுக்கும் தெய்வத்துக்கும் இடையிலான காதலை, அதாவது தாழ்வு உயர்வு கடந்த காதலை, விடிய விடியச் சொல்லும் நாடகம். சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்ற பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் காதலர் இருவரும் ஆண்பிள்ளைகளாகவே இருந்ததை ஊர் இயல்பாகவே ஏற்றுக்கொண்டது.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் வட்டார மலைச்சரிவில், காதலின் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனம் ஒப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய, ஒருவரையொருவர் காதலித்த இரு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் காவல்துறையின் தொந்தரவிலிருந்து அத்தகையோரைக் காக்க உத்தரவிட்டது. ஆயினும் தனிமை என்பது இடம் உள்ளவர்களுக்கே கிட்டும் பொருள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பும் கூலித் தொழிலாளிக்கு அது எங்கே இருக்கிறது? தோட்ட முதலாளியின் பங்களாவுக்குக் கதவு உண்டு. பலர் சேர்ந்து தங்கும் தொழிலாளர் குடியிருப்பில் எல்லார் கண்ணும் எல்லார் மேலும் படுகிறது. பிடிபட்டால் வசதியுள்ளவர் வெளியூருக்கு அனுப்பப்படுவார், கூலித் தொழிலாளி வேலையை இழப்பார்.

ஆகவே இந்த நாடகங்கள் நகரத்து அரங்குகளோடு நின்றுவிடலாகாது. கமலாவின் கதையைத் தமிழாக்கி, திருவிழாக் காலத்தில் வள்ளி திருமணம் நடக்கும் அதே மேடையில் போட, மதுரை, தேனிப் பகுதி நாடகக் கலைஞர்களும் விழாக் குழுவினரும் முன்வர வேண்டும்.