படகுக்கு எந்தக் கத்தி?

இடுக்கி, கத்தி, திருப்புளி ஒன்றாய் மடங்கும் கருவியைப் படகுக்கு வாங்கலாமா என்று உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கிறாங்க. வாங்கலாம். ஆனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க.

வலை விடும்போது கயிறு காலில் சுற்றினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். அதனால் ஒரு கையால் திறக்கிற கத்தியா என்று முதலில் பாருங்க. நகத்தால் நெம்புவது ஈரக் கையில் வழுக்கும். ரம்பப்பல் உள்ள அலகு நைலான் கயிற்றைச் சீக்கிரம் அறுக்கும்.

காந்தம் ஒட்டினால் மட்டமான இரும்பு என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நல்ல எவர்சில்வர் கத்தியிலும் காந்தம் ஒட்டும்! உப்புத் தண்ணீர் தங்கினால் அதுவும் மூட்டில் துருப்பிடிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடணும்.

கயிறு கோர்க்க ஓட்டை இருந்தால் இடுப்பில் கட்டிக்கலாம், கடலில் விழாது. மற்ற சாமான் எத்தனை இருக்குங்கிறது அப்புறம்தான்.