சிறு துளை வழியே சினைப்பைக் கட்டி

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பெண்ணுக்கு ஸ்கேனில் சினைப்பைக் கட்டி என்று தெரிந்தால், வலியை முந்திக்கொண்டு வரும் கவலை, எத்தனை நாள் வேலை போகும் என்பதுதான். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் ஆறு வாரம் வரை கனம் தூக்கக் கூடாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது ஒன்றரை மாத வருமானம். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு, இரண்டு வாரத்தில் இலகுவான வேலை. ஈஎஸ்ஐ தகுதி இருந்தால் விடுப்பு நாட்களுக்கு 70 சதவீத ஊதியம் உண்டு. தயங்காமல் கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டாம். மாதச் சுழற்சியில் வரும் நீர்க்கட்டிகள் பல, இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். வளர்ந்துகொண்டே போகிறவை, பழைய ரத்தம் தேங்கி வலி தரும் சாக்லேட் கட்டி, கொழுப்பும் முடியும் சில சமயம் பல்லும்கூட அடங்கிய டெர்மாய்டு ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் கட்டி உடையாமல் வர வேண்டும். அங்கே வயிற்றைத் திறப்பதே பல நேரம் நல்லது.

மயக்கம் கொடுத்தபின் தொப்புள் வழியே கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைப்பார்கள். அந்த வாயு தீப்பிடிக்காது; மின்கருவியால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது இது முக்கியம். ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறியும்விடும். மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தியதும் குடல் நெஞ்சுப்பக்கம் ஒதுங்க, சினைப்பை கண்ணுக்குத் தெரியும். தொப்புளில் கேமரா, பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளைகளில் கருவிகள்.

கைத்திறன் முழுவதும் அடுத்த கட்டத்தில்தான். சினைப்பையின் மேலுறையைக் கீறி, கமலாப்பழத் தோலை உரிப்பதுபோல் கட்டியின் உறையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சாக்லேட் கட்டி ஒட்டிக்கொண்டிருப்பதால் உரிக்கும்போது நல்ல திசுவும் கருமுட்டைகளும் கொஞ்சம் போகலாம். குழந்தை வேண்டும் என்பவர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். எடுத்த கட்டியைப் பைக்குள் போட்டுச் சுருக்கி வெளியே இழுப்பார்கள். டெர்மாய்டின் கொழுப்பு உள்ளே சிந்தினால் வயிற்றுறை அழன்றுபோகும். மறுநாள் தோள்பட்டை வலித்தால் பயம் வேண்டாம். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதுதான் காரணம்.

இந்த நுட்பத்தை வளர்த்தவர்களில் மகளிர் மருத்துவர்கள் முன்வரிசை. ஜெர்மனியின் கீல் நகரில் 1980இல் குர்ட் செம் குடல்வாலை இப்படி அகற்றியபோது அறுவை மருத்துவர்களே எதிர்த்தார்கள். 1990இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா இதே முறையில் பித்தப்பையை எடுத்தார். நம் பக்கம் இதை வேரூன்றச் செய்ததில் கோவை சி. பழனிவேலுவுக்குப் பெரும் பங்குண்டு.

கட்டி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கம் திடீரெனச் சுருண்டு வலித்து வாந்தியும் வந்தால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால், இதே துளை வழியே முறுக்கை அவிழ்த்துச் சினைப்பையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.